தொலைத்த தீவுக்கு ஐந்து பாட்டு

ஸ்பெயின்காரர்களிடம் ஓர் ஆறுதல் வாசகம் உண்டு. பஸ்ஸில் பர்ஸ் பறிபோனாலும் சரி, ஆசையாக வாங்கிய கண்ணாடி ஜாடி கீழே விழுந்து உடைந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவர், "விடு, கியூபாவில் இதைவிடப் பெரிசா போச்சு" என்பார். குறும்புக்காரராக இருந்தால் வாலாக இன்னொன்றும் சேர்ப்பார்: "போனவங்க பாடிக்கிட்டேதான் திரும்பி வந்தாங்க."

கியூபாவில் போனது கொஞ்சநஞ்சம் இல்லை. 1898 பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் நின்றிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'மெய்ன்' வெடித்து மூழ்கியது. அதைச் சாக்காக வைத்து அமெரிக்கா போருக்கு இறங்கியது. ஜூலை 3 அன்று சாந்தியாகோ துறைமுகத்தை விட்டு வெளியே வந்த ஸ்பானியக் கப்பல்கள் சில மணி நேரத்தில் ஒழிந்தன. டிசம்பர் 10 அன்று பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தானபோது கியூபா, புவெர்த்தோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ், குவாம் எல்லாமே கைவிட்டுப் போயிருந்தன. கொலம்பஸ் காலத்திலிருந்து நானூறு வருஷம் ஆண்டு அனுபவித்த சொத்து, பத்தே மாதத்தில் போய்விட்டது. சொத்து என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் 1886 வரைக்கும் அடிமைகள் வேலை செய்தார்கள்.

போரும் உடன்படிக்கையும் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. எனக்கு அந்த வாசகத்தின் வால்தான் முக்கியம். பாடிக்கொண்டு வந்தார்களே, என்ன பாடினார்கள்?

நான் பியானோ சொல்லித் தருபவள். சென்னையில் மேற்கத்திய சங்கீதம் முறையாகப் பாடுகிற கொஞ்சம் பேருக்குப் பக்கவாத்தியமும் வாசிக்கிறேன். அந்த வேலையில் என் கைபட்டு ஓரம் மடங்கி அழுக்கேறிப்போன நோட்டுகளில் முதல் இடம் 'சின்கோ கான்சியோனெஸ் நேக்ராஸ்' என்ற ஸ்பானியத் தொகுப்புக்கு. 'ஐந்து கறுப்புப் பாடல்கள்' என்று சொல்லலாம். ஷாவியே மொன்சால்வாஜே என்ற கத்தலோனியக்காரர் 1945-ல் எழுதியது. ஒரு பாடகி, ஒரு பியானோ, ஐந்தும் சேர்ந்தால் பன்னிரண்டு நிமிஷம் வாக்கில். இந்த வகைக்கு 'ஆர்ட் சாங்' என்று பெயர். முதலில் ஒரு கவிஞர் கவிதையாக எழுதி, அது புத்தகமாகி, யாரோ படித்து, பிறகு ஓர் இசையமைப்பாளர் அதைக் கையில் எடுத்து ஒவ்வொரு சுரத்தையும், பியானோவின் ஒவ்வொரு விரல் வேலையையும் தாளில் எழுதி வைத்துவிடுவார். பாடுகிறவருக்குச் சங்கதி போட இடம் கிடையாது. பியானோக்காரிக்கும் கிடையாது. ஆனால் பாட்டில் சொல்லாத விஷயத்தைப் பியானோ சொல்லும். சில சமயம் பாட்டு சொல்வதை மறுத்தும் பேசும்.

இதை 'கியூப இசை' என்று நிகழ்ச்சித் தாளில் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து பாட்டில் இரண்டுக்குத்தான் சொற்கள் கரீபியக் கவிஞருடையவை. ஒன்று தெற்கு ஸ்பெயின்காரர் எழுதியது, ஒன்று கத்தலோனியப் பத்திரிகையாளர் எழுதியது, ஒன்று ரொம்பத் தெற்கே இருக்கிற உருகுவே நாட்டவர் எழுதியது. இசையமைத்தவர் வளர்ந்தது கத்தலோனியாவில். அட்லாண்டிக்கின் ஸ்பானியக் கரையில் கியூபாவைப் பற்றி என்னென்ன ஞாபகம் மிச்சம் இருந்ததோ, அதன் பாட்டுகள் இவை. அப்படி எடுத்துக்கொண்டால்தான் இவற்றின் நேர்மை தெரியும் என்பது என் கட்சி.

கத்தலோனியாவின் வடக்குக் கரைக்குக் கோஸ்டா பிராவா என்று பெயர். இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் வெயில் காய வருகிற இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து துணியும் ஒயினும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கியூபாவுக்குப் போயின. திரும்பும்போது சர்க்கரை, புகையிலை, ரம். போன பையன்களில் சிலர் பணக்காரர்களாகத் திரும்பி வந்து பெரிய வீடு கட்டி, தோட்டத்தில் பனைமரம் வைத்தார்கள். அவர்களுக்கு 'இந்தியானோ' என்று பெயர். பெகூர் போன்ற ஊர்களில் அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. பகார்டி ரம் தெரியுமல்லவா? அதை 1862-ல் சாந்தியாகோவில் தொடங்கிய ஃபகுந்தோ பகார்டி, பார்சிலோனாவுக்குத் தெற்கே உள்ள சிட்ஜெஸ் ஊர்க்காரர். அந்தப் பணத்தில் அடிமை வியாபாரமும் கலந்திருந்தது. அந்தோனியோ லோபெஸ் என்ற பெரும் கப்பல் முதலாளிக்குப் பார்சிலோனாவில் ஒரு சிலை இருந்தது. அடிமை வியாபாரத்தில் அவருக்கிருந்த பங்கைக் காட்டி நெடுநாள் சண்டை நடந்து, 2018-ல் நகராட்சி அதை எடுத்துவிட்டது.

மாலுமிகள் சரக்கோடு ஒரு தாளத்தையும் கொண்டுவந்தார்கள். ஹபனேரா. ஹவானாவின் பெயரால் வந்த பெயர். எட்டு மாத்திரையை மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்துத் தட்டிப் பாருங்கள். முதல் அடி நீண்டு தயங்கும், அடுத்த குட்டி அடி அவசரமாக வந்து விழும், மற்ற இரண்டும் ஒன்றுமே நடக்காதது போல நடக்கும். அந்தத் தயக்கத்தில்தான் முழு மயக்கமும். எழுதியபடியே கணக்காக வாசித்தால் ராணுவ நடை மாதிரி இருக்கும். குட்டி அடியை ஒரு மயிரிழை தாமதிக்க வேண்டும். எவ்வளவு தாமதம் என்று என்னால் சொல்லிக் கொடுக்க முடிந்ததில்லை. வாசித்துக் காட்டத்தான் முடியும்.

இந்தத் தாளத்துக்கு எது சொந்த ஊர் என்று கேட்டால் தலை சுற்றும். பிரான்ஸின் ஒரு கூட்டு நடனம் கரீபியனில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த செயின்ட் தொமாங் காலனிக்கு, இன்றைய ஹெய்ட்டிக்கு, போனது. 1791-ல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும் தப்பித்த குடும்பங்கள் அதைக் கியூபாவுக்குக் கொண்டுவந்தன. அங்கே ஆப்பிரிக்கக் கைகள் அதன் தாளத்தை வளைத்தன. வளைந்த தாளம் கப்பலேறி ஐரோப்பாவுக்குத் திரும்பியது. 'கார்மென்' ஓபராவில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஹபனேராவை 1875-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே போட்டபோது, ஏதோ நாட்டுப்பாடல் என்று நினைத்து மெட்டை எடுத்துக்கொண்டார். உண்மையில் அது செபாஸ்தியான் இராதியேர் என்ற ஸ்பானியர் எழுதியது. 'லா பலோமா'வும் அவருடையதுதான். விஷயம் தெரிந்ததும் பிசே நோட்டில் அவர் பெயரைச் சேர்த்தார்.

கோஸ்டா பிராவாவில் ஹபனேராவை வளர்த்தவர்கள் மீனவர்கள். வலை இழுத்து முடித்த பிறகு சாராயக்கடையில் உட்கார்ந்து கித்தாரோடு பாடுவார்கள். கூடவே 'கிரெமாத்' என்று ஒரு பானம். மண்சட்டியில் ரம்மை ஊற்றி, சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், காபிக்கொட்டை எல்லாம் போட்டுத் தீ வைத்துவிடுவார்கள். நீலச் சுடர் எரிந்து தானாகத் தணிந்த பிறகு சூடாகக் குடிப்பது. பட்டையையும் எலுமிச்சையையும் தள்ளிவிட்டால் மிச்ச மூன்றும், ரம்மும் சர்க்கரையும் காபியும், கியூபா வியாபாரத்தின் சரக்குகள். கலெய்யா தெ பலாஃப்ரூஜெல் என்ற மீனவ ஊரில் 1967 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் கடலோரத்தில் ஹபனேரா விழா நடக்கிறது. கியூபாவுக்குப் போன தாத்தாவைப் பற்றிய பாட்டும் உண்டு, வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டும் கூட்டமும் உண்டு.

மொன்சால்வாஜே 1912-ல் இந்தப் பக்கத்து ஊரான ஜிரோனாவில் பிறந்தவர். பார்சிலோனாவில் படித்தார். வயலினும் கற்றார். வயிற்றுப்பாட்டுக்குப் பத்திரிகையில் சங்கீத விமர்சனம் எழுதினார். 'தெஸ்தினோ' வார இதழில் பல காலம், பிறகு 'லா வான்குவார்தியா' நாளிதழில். அந்தக் காலத்து ஸ்பானிய இசையமைப்பாளர்களுக்கு முன்னால் பெரிய நிழல்கள் இருந்தன. அல்பேனிஸ், கிரனாதோஸ், ஃபால்யா. மூன்று பேரும் அண்டலூசியாவின் கித்தாரையும் ஜிப்ஸிப் பாட்டையும் பிழிந்து தீர்த்துவிட்டார்கள். அதே கிணற்றில் திரும்ப வாளி விடுவதில் மொன்சால்வாஜேவுக்கு விருப்பமில்லை. அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது கடற்கரைச் சாராயக்கடைப் பாட்டு. 1941-ல் எழுதிய மூன்று பியானோத் துண்டுகளில் ஒன்று ஹபனேரா. பிறகு மீனவர்கள் பாடக் கேட்டுக் குறித்து, தன் நண்பர் நேஸ்தோர் லுஹானோடு சேர்ந்து 1948-ல் படங்களோடு ஒரு ஹபனேரா ஆல்பமே போட்டார். இந்த மெட்டுகள் முதலில் ஸ்பெயினிலிருந்து போய், அங்கே மாறி, மறுபடி இறக்குமதியானவை என்று எழுதினார். போய் வந்த இந்த இசையைத்தான் தனக்கு உரிமையானதாக அவர் எண்ணினார். நேரான கியூப இசையை அவர் சொந்தம் கொண்டாடவில்லை.

தொகுப்பு பிறந்த விதம் கொஞ்சம் தற்செயல். மெர்சே பிளந்தாதா என்ற பார்சிலோனாப் பாடகி அவரிடம் ஒரு பாட்டுக் கேட்டார். அவர் ஒரு தாலாட்டு எழுதிக் கொடுத்தார். பாடியதும் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. இன்னும் எழுதுங்கள் என்றார் அந்த அம்மாள். இப்படி நாலு சேர்ந்து ஐந்தானது. முதலில் பிறந்த தாலாட்டு தொகுப்பில் நாலாவது இடத்துக்குப் போனது.

அந்தத் தாலாட்டுதான் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. கச்சேரி முடிந்து கைதட்டல் ஓயாதபோது பாடகிகள் இதைத் தனியாக எடுத்துப் பாடுவார்கள். எனக்கு அதில் வருத்தம். காரணம் சொல்கிறேன்.

கவிதை இல்தெஃபோன்சோ பெரேதா வால்தேஸ் எழுதியது. உருகுவேயின் தகுவாரெம்போவில் 1899-ல் பிறந்த வெள்ளைக்காரர். அந்த நாட்டுக் கறுப்பின மக்களின் வரலாற்றையும் பழக்கங்களையும் ஆராய்ந்தவர். தூங்க மறுக்கும் கறுப்புக் குழந்தையைத் தூங்கவைப்பது விஷயம். தலை தேங்காய் மாதிரி, நிறம் காபிக்கொட்டை மாதிரி, கண் ரெண்டும் கடலைப் பார்த்துத் திறந்த ஜன்னல் மாதிரி என்று கொஞ்சல். கொஞ்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், குழந்தைக்குச் சொல்லும் உவமை தேங்காயும் காபியும். கப்பலில் ஏற்றுகிற சரக்கு. அந்தக் குழந்தையின் பாட்டனைக் கொண்டுவந்ததும் இதே போல ஒரு கப்பல்தான்.

அடுத்து மிரட்டல். தூங்காவிட்டால் பூச்சாண்டி வந்து தின்றுவிடும் என்கிறது பாட்டு. பூச்சாண்டியின் நிறம் வெள்ளை. அதற்கடுத்து, நீ இனி அடிமை இல்லை என்று ஒரு அறிவிப்பு. மூச்சு விடுவதற்குள் ஒரு வாக்குறுதி: நன்றாகத் தூங்கினால் வீட்டு எஜமான் உனக்குப் பொத்தான் வைத்த சட்டை வாங்கித் தருவார், வாசலில் நிற்கும் ஏவல் பையனாக ஆகலாம். அவ்வளவுதான். அடிமைத்தனம் முடிந்த பிறகு அந்தக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச எதிர்காலம் ஒரு சீருடை. பிறகு மறுபடி தேங்காய், காபிக்கொட்டை, தூங்கு, தூங்கு.

என்னிடம் இதைப் பாடப் பழக வந்த ஒரு பெண், உச்சரிப்பை ரெக்கார்டைக் கேட்டு அழகாகப் பிடித்து வைத்திருந்தாள்.

"மிஸ், தாலாட்டுதானே? மெதுவா, ஸ்வீட்டா பாடினா போதும்ல?"

"அர்த்தம் பாத்தியா?"

"மேலோட்டமா."

சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இதைப் பாடறது யாரு மிஸ்? அம்மாவா? இல்ல அந்த வீட்டுக்காரங்களா?" என்றாள்.

நல்ல கேள்வி. கவிதை அதைச் சொல்லவில்லை. அம்மா என்றால், தனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லிப் பொய்யாக ஆறுதல் தேடுகிறாள். அந்த வீட்டுக்காரி என்றால், தான் பேசுவதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. எந்தப் பாடகி எதை மனதில் வைத்துப் பாடுகிறாள் என்பது அந்தப் பொத்தான் வரியில் தெரிந்துபோகும். இசையமைப்பாளர் தன் பதிலைப் பியானோவில் வைத்திருக்கிறார். ஹபனேரா தாளம் தொட்டிலாட்டம் போல அடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் எங்கும் உயராது. ஆனால் தாளத்துக்கு மேலே வருகிற கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள், முழுசாகப் பொருந்துவதில்லை. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றையொன்று மெல்ல உரசுகின்றன. அழுத்தி வாசித்தால் அபஸ்வரமாகக் கேட்கும். மெதுவாக வாசித்தால் இனிமையில் ஒரு துளி கசப்பு. பலபேர் அந்த உரசலை பெடலில் கரைத்து மழுப்பிவிடுகிறார்கள். என் பிடிவாதம், அது காதில் விழ வேண்டும் என்பது. இதைத் தனியாகப் பிய்த்து, விருந்துக்குப் பிறகு வரும் இனிப்பு போலப் பரிமாறினால் மழுப்பலுக்குத்தான் வழி.

முதல் பாட்டுக்கு வருகிறேன். இதன் பெயர் 'பியானோவுக்குள் கியூபா'. எழுதியவர் ரஃபாயேல் அல்பெர்த்தி. ஸ்பெயினின் தென்கோடியில் காதிஸ் நகரத்துக்கு எதிரே உள்ள சின்னத் துறைமுக ஊரில் 1902 டிசம்பரில் பிறந்தவர். கியூபா போய் நாலு வருஷம் ஆன பிறகு பிறந்த பிள்ளை. ஆனாலும் கவிதை முழுக்கக் கியூபா. அம்மா போட்டிருந்த தொப்பி, கப்பல் புகையில் இன்னும் மிச்சமிருந்த ஹவானா சுருட்டு வாசனை, ஃபந்தாங்கோவும் ஹபனேராவும் கேட்டுத் தூங்கிப்போகும் காதிஸ், பியானோவில் உட்கார்ந்து டெனராகப் பாட ஆசைப்படும் ஒரு கிளி. நடுவில் பழைய கியூபப் பாட்டின் துணுக்குகள் வந்து போகும். பீரங்கிப் படகு ஓடிப்போகும். தீவு தொலைந்தது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அது இப்போது நிஜமாகிவிடும். கண்ணால் பார்க்காத இழப்புக்காக ஒரு பிள்ளை துக்கப்படுகிறான். துக்கத்தை அவனுக்குக் கொடுத்தது அம்மாவின் வீட்டுப் பியானோ.

முடிவில் ஒரு வேடிக்கை. ஸ்பானியக் கவிதையின் கடைசிச் சொல் ஆங்கிலம். இதுவரை 'சீ' என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர்கள் 'யெஸ்' என்று மாற்றிவிட்டார்கள். ஸ்பெயின் போன இடத்தில் அமெரிக்கா உட்கார்ந்துவிட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த ஒரு சொல்லை எப்படிப் பாடுவது என்பதில் பாடகிக்குப் பாடகி வித்தியாசம் உண்டு. சிலர் துப்புவார்கள், சிலர் உதட்டைச் சுழிப்பார்கள், சிலர் துக்கமாகச் சொல்வார்கள். எனக்குச் சுழிப்பு பிடிக்கும். அந்தக் கவிதை ரொம்ப அழத் தயாராக இல்லை.

அல்பெர்த்தி கம்யூனிஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஜெயித்ததும் 1939-ல் நாட்டை விட்டு ஓடி அர்ஜென்டினாவில் இருந்தார். 1977-ல்தான் திரும்பி வந்தார். இந்தத் தொகுப்பின் இன்னொரு கவிஞரான நிகோலாஸ் கியேனும் கம்யூனிஸ்ட். போர் நடக்கும்போது, 1937-ல், ஃபாசிசத்துக்கு எதிரான எழுத்தாளர் மாநாட்டுக்காக ஸ்பெயினுக்கே வந்து, ஸ்பெயினைப் பற்றி ஒரு நெடுங்கவிதையும் வெளியிட்டவர். 1945-ல், ஃபிராங்கோவின் ஆட்சியில், ரேஷனில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த பார்சிலோனாவில், இந்த இரண்டு பேரின் சொற்களையும் ஒரு சோப்ரானோ மேடையில் நின்று பாடியிருக்கிறார்.

இரண்டாவது பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. லுஹான் எழுதியது. வெள்ளைப் பாவாடை விரிய ஒரு தீவுப் பெண் நடந்து போகிறாள், மாலுமிகள் பார்க்கிறார்கள். ஆறு மாத்திரையை ஒரு முறை இரண்டு மூன்றாகவும் மறுமுறை மூன்று இரண்டாகவும் எண்ணும் கியூப நாட்டுப்புற நடை. வாசிக்கக் குஷி. பதினெட்டாம் நூற்றாண்டு என்று தலைப்பில் போட்டிருப்பதால் பழைய பீங்கான் பொம்மை போல வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். லுஹானுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு. பிற்பாடு சமையல் பற்றி எழுதிப் பெயர் வாங்கினார்.

கியேனிடம் வந்ததும் காற்று மாறுகிறது. மற்ற மூன்று பேரும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். இவர் கியூபாவின் கமாகுவேயில் 1902-ல் பிறந்தவர், ஆப்பிரிக்க ரத்தமும் ஸ்பானிய ரத்தமும் கலந்த குடும்பம். அப்பா அரசியல்காரர், 1917-ல் அரசாங்கச் சிப்பாய்கள் கையால் இறந்தார். 1930 ஏப்ரலில் ஒரு ஹவானா நாளிதழில் கியேனின் எட்டுக் கவிதைகள் வந்தன. தெருவில் ஆடும் 'சோன்' இசையின் நடையில், கறுப்பின ஜனங்களின் பேச்சில் எழுதியவை. கவிதைக்குரிய மொழியா இது என்று வெள்ளையர்களும் சண்டைக்கு வந்தார்கள், நாகரிகமான கறுப்பினத்தவர்களும் வந்தார்கள். அடுத்த வருஷம் வந்த 'சோங்கோரோ கொசோங்கோ' தொகுப்பிலிருந்துதான் மொன்சால்வாஜே இரண்டு கவிதைகளை எடுத்தார்.

மூன்றாவது பாட்டான 'சேவரே' கத்திக்காரன் ஒருவனைப் பற்றியது. நிலாவை வெட்டுகிறான், நிலா தீர்ந்துபோகிறது. நிழலை வெட்டுகிறான், நிழல் தீர்ந்துபோகிறது. பாட்டை வெட்டுகிறான், அதுவும் தீர்கிறது. கடைசியில் தன் பெண்ணின் உடம்பை வெட்டுகிறான். நாலே வீச்சு. இதற்கு ஒரு ஆட்டத் தாளம் போட்டிருந்தால் நாசமாகியிருக்கும். மொன்சால்வாஜே தாளத்தையே எடுத்துவிட்டு, கனத்த உரசல் கார்டுகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வைக்கிறார். தீவு என்றால் வெயிலும் இடுப்பசைவும் என்று உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கு இந்த இரண்டு நிமிஷம் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். தாலாட்டுக்கு முன்னால் இதை வைத்ததுதான் அவர் செய்த புத்திசாலித்தனம். கத்தியைக் கேட்ட காதோடு தொட்டிலுக்கு வந்தால், பொத்தான் வைத்த சட்டையின் கூர்மை தப்பாது.

கடைசிப் பாட்டான 'கறுப்புப் பாட்டு' ஒரே ஓட்டம். கறுப்பன் ஒருவன் பாடுகிறான், குடிக்கிறான், ஆடுகிறான். கவிதையில் பாதி, அகராதியில் தேடினால் கிடைக்காத சொற்கள். பறையொலி போல, ஆப்பிரிக்க மொழிச் சாயலில் கியேன் கட்டியவை. ஐரோப்பியப் பாடகிகள் இதைப் பார்த்து மிரளுவார்கள். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு ஒரு பயமும் இல்லை. அர்த்தம் கேட்காமல் நாக்கு தாளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பியானோவில் மெல்லிசைக்கு வேலையில்லை, பலகையைத் தட்டுவது போல அடிக்க வேண்டும். எனக்கு மணிக்கட்டு வலி வருவது இந்தப் பாட்டில்தான்.

இப்போது அந்தத் தலைப்பு. 'கறுப்புப் பாடல்கள்' என்று வெள்ளைக்காரர் ஒருவர் பெயர் வைத்து, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாடகிகளே பாடிப் புகழ் சேர்த்த தொகுப்பு இது. 1920, 30-களில் ஸ்பானிய மொழிக் கவிதையில் கறுப்பினக் குரலில் எழுதுவது ஒரு அலையாகவே அடித்தது. எழுதியவர்களில் பலர் வெள்ளையர்கள். இன்று இதைக் கேட்கிறவர்களுக்கு நெருடல் வருவது நியாயம். கியேனின் கவிதைக்கு இசை போடக் கியூபாவிலேயே ஆள் இல்லாமலும் இல்லை. அமதேயோ ரோல்தானும், அலெஹாந்த்ரோ கார்சியா கதுர்லாவும் மொன்சால்வாஜேவுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். கதுர்லா நீதிபதியாகவும் வேலை பார்த்தவர். 1940-ல் தன்னிடம் வழக்கில் சிக்கியிருந்த ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் பார்சிலோனாத் தொகுப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கறுப்பினக் கியூபாவைக் கேட்டதாக நினைப்பது தப்பு. ஆனால் தொகுப்பு அப்படி ஏமாற்றுவதில்லை என்றே நினைக்கிறேன். முதல் பாட்டிலேயே, இது ஒரு ஸ்பானிய வீட்டுப் பியானோவுக்குள் அடைபட்ட தீவு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகிறது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: விக்தோரியா தெ லோஸ் ஆன்ஹெலெஸ் பாடியதிலிருந்து தொடங்குங்கள். பார்சிலோனாப் பல்கலைக்கழகக் காவலாளியின் மகள், அந்த வளாகத்துக்குள்ளேயே வளர்ந்தவர். இந்தப் பாட்டுகளை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர். மொன்செராத் கபாயே, தெரேசா பெர்கான்சா இரண்டு பேரும் பாடியிருக்கிறார்கள். 1949-ல் இசையமைப்பாளரே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். வண்ணம் நிறைய, கேட்க ஜோர். எனக்குப் பியானோ வடிவம்தான். கட்சி பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், முதல் பாட்டின் தலைப்பிலேயே பியானோ இருக்கிறது. ஐந்தையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். அப்புறம் அதே வாரத்தில் ரோல்தானின் 'மோதீவோஸ் தெ சோன்' தேடிப் பாருங்கள். நாளிதழில் வந்த கியேனின் அந்த எட்டுக் கவிதைகள், ஒரு சோப்ரானோ, சின்ன வாத்தியக் குழு, அதில் கியூபாவின் தாளக் கருவிகள். பியானோ அங்கே கிடையாது.